‘விலையைப் பத்தி மட்டும் பேசாதீங்க ப்ரோ..!’ - ஆன்லைனில் பழைய கார் வாங்குறவங்க, விற்கிறவங்க கவனத்துக்கு!

முதல் கார் வாங்கப் போறீங்கன்னு வைச்சுக்கலாம். புது காருக்கு பட்ஜெட் இடிக்குது. ராத்திரி 11 மணிக்கு போனை ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டு இருக்கும்போது அந்த விளம்பரம் கண்ணில் படுகிறது. 2017 மாடல் கார், சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ். மார்க்கெட்டில் 4.5 லட்சம் ரூபாய் போகிற வண்டிக்கு, 3.5 லட்சம்தான் கேட்டிருக்காங்க. உடனே மெசேஜ் தட்டுறீங்க. பதிலும் உடனே வருகிறது.

“வண்டி என் மச்சான் வீட்டுல நிக்குது ப்ரோ. நான் வெளியூர்ல இருக்கேன். நீங்க போய் நல்லா ஓட்டிப் பாருங்க. அவர்கிட்ட விலையைப் பத்தி மட்டும் பேசாதீங்க. எங்களுக்குள்ள ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கு, அதை நான் பார்த்துக்கறேன்.”

அடுத்த நாள் போறீங்க. வண்டி உண்மையிலேயே இருக்கிறது. ‘மச்சானும்’ இருக்கிறார். ஒரிஜினல் ஆர்.சி-யைக் காட்டுகிறார். கூட வந்த மெக்கானிக்கும் ஓகே சொல்லிட்டார். வெளியூர்க்காரர் அனுப்பிய அக்கவுன்ட் நம்பருக்கு 3.5 லட்சத்தைப் போட்டுட்டு, “சாவி குடுங்கண்ணே” என்று கையை நீட்டுறீங்க. அவர் உங்களையே பார்க்கிறார். “பணம் எனக்கு இன்னும் வரலையே தம்பி?”

நடந்தது இதுதான். அந்த வீட்டுக்காரர் தன் காரை 4.5 லட்சத்துக்கு விற்க விளம்பரம் போட்டிருந்தார். மோசடிக்காரர் அந்தப் போட்டோக்களைத் திருடி, குறைந்த விலையில் இன்னொரு விளம்பரம் போட்டார். வீட்டுக்காரருக்கு போன் பண்ணி, “நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்கறேன் சார். என் தம்பி வந்து வண்டியைப் பார்ப்பான். அவனுக்கு இது சர்ப்ரைஸ் கிஃப்ட், விலை மட்டும் சொல்லிடாதீங்க” என்று சொல்லி வைத்தார். உங்ககிட்ட சொன்னது வேற கதை. நீங்க இரண்டு பேரும் நல்லவங்க, இரண்டு பேர் சொன்னதும் உண்மை. நடுவில் இருந்தவன் முகத்தை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

பணத்தை இழந்தது நீங்க. ஆனால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையப் போவது அவரும்தான்.

மூணு இடத்திலும் ஒரே பேர்!

பழைய கார் மோசடிகளில் பத்து வகை இருக்கலாம். பெரும்பாலானவற்றின் அடிப்படை ஒன்றுதான்: வண்டி ஒருத்தர்கிட்ட, ஆர்.சி இன்னொருத்தர் பேர்ல, பணம் போறது மூன்றாவது ஆளுக்கு. இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் மோசடிக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

அதனால் ஒரே ஒரு விதியை மனசுல வைச்சுக்கோங்க. உங்க முன்னாடி வண்டியோடு நிற்கிறவர், ஆர்.சி-யில் இருக்கிற பெயர், பணம் போகிற பேங்க் அக்கவுன்ட்டின் பெயர், இந்த மூன்றும் ஒரே ஆளாக இருக்கணும். ஒன்று மாறினாலும் பணத்தை அனுப்பாதீங்க.

“அப்பா பேர்ல இருக்கிற வண்டியை மகன் விற்கக் கூடாதா?” என்று கேட்கலாம். விற்கலாம். ஆனால் அப்பாவை நேரில் பாருங்க, அடையாள அட்டையைச் சரிபாருங்க, பணத்தை அப்பா அக்கவுன்ட்டுக்கே போடுங்க. ஆர்.சி-யில் இருப்பவர் இறந்திருந்தால், முதலில் வாரிசு பெயருக்கு ஆர்.சி மாறணும். அதற்கு ஃபார்ம் 31 இருக்கிறது. “அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம்” என்றால், நீங்களும் அப்புறமே வாங்கிக்கோங்க.

விளம்பரத்திலேயே கண்டுபிடிக்கலாம்!

‘நான் ராணுவத்துல இருக்கேன், திடீர்னு டிரான்ஸ்ஃபர், வண்டியை அவசரமா விற்கணும்’ - பல வருஷமா ஓடிக்கொண்டிருக்கும் படம் இது. ராணுவ அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, யூனிஃபார்ம் போட்டோ எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். ராணுவ வண்டியிலேயே காரை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன் என்பார்கள். முதலில் கேட்பது சின்னத் தொகைதான். ‘டிரான்ஸ்போர்ட் சார்ஜ் 5,000, டெலிவரி ஆனதும் திரும்பக் கிடைக்கும்.’ அதைக் கட்டினால் அடுத்து கேட் பாஸ், அதற்கடுத்து ஜி.எஸ்.டி என்று நீளும். ஏற்கெனவே கட்டியதை விட மனசில்லாமல் மேலும் மேலும் கட்டிக்கொண்டே போவோம். அதுதான் அவர்களுக்கு வேண்டும்.

உண்மையான ராணுவ வீரர் கார் விற்பதில் தப்பே இல்லை. ஆனால் யாராக இருந்தாலும், வண்டியைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க. ‘டோக்கன் அட்வான்ஸ்’ கூட வேண்டாம். “இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க, இப்பவே அனுப்பினாதான் வண்டி உங்களுக்கு” என்று அவசரப்படுத்தினால், அந்த இன்னொரு பார்ட்டிக்கே விட்டுக்கொடுத்துடுங்க.

விளம்பரப் போட்டோக்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்க. அதே படம் வேறு ஊரில், வேறு விலையில், வேறு பெயரில் இருந்தால் விஷயம் முடிஞ்சது. அதே மாடல், அதே வருஷ வண்டிகள் என்ன விலைக்குப் போகுது என்று ஐந்தாறு விளம்பரங்களை ஒப்பிடுங்க. காரணமே இல்லாமல் விலை ரொம்பக் குறைவாக இருந்தால், அந்தக் காரணத்தை நீங்கதான் கண்டுபிடிக்கணும்.

பேப்பர்ல என்ன பார்க்கணும்?

வண்டி நம்பர் கிடைத்ததும் எம்-பரிவாஹன் ஆப்பில் தட்டிப் பாருங்க. மாடல், பதிவு செய்த தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் வரும். ஓனர் பெயரில் சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும். ஆனாலும் சொன்ன பெயரோடு ஒத்துப்போகுதா என்று பார்க்க அது போதும். நேரில் போகும்போது, விற்பவர் தன் போனில் டிஜிலாக்கரைத் திறந்து ஆர்.சி-யைக் காட்டச் சொல்லுங்க. வாட்ஸ்அப்பில் வருகிற ஆர்.சி போட்டோவை யார் வேண்டுமானாலும் எடிட் பண்ணலாம்.

லோன் இருக்கிறதா என்று பாருங்க. ஆர்.சி-யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், அந்தக் கடன் அடைந்து ஹெச்.பி ரத்தாகும் வரை வண்டி முழுசாக அவருடையது இல்லை. “நீங்க பணம் குடுங்க, நான் லோனை க்ளோஸ் பண்ணிடறேன்” என்பதை நம்பி முழுத்தொகையைக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. விற்பவரோடு நீங்களும் பேங்க்குக்குப் போங்க. பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்க. அந்தத் தொகையை நேராக லோன் அக்கவுன்ட்டிலேயே கட்டுங்க. பிறகு பேங்க் தரும் என்.ஓ.சி-யும் ஃபார்ம் 35-ம் கைக்கு வரணும்.

‘டெல்லி வண்டி, சீப்பா வருது’, ‘பாண்டிச்சேரி ரிஜிஸ்ட்ரேஷன்’ என்றால் கூடுதல் கவனம். வெளிமாநில வண்டியை உங்க பெயருக்கு மாற்ற, அது பதிவான ஆர்.டி.ஓ ஆபீஸில் இருந்து என்.ஓ.சி வேணும். அதற்கான விண்ணப்பம் ஃபார்ம் 28. தமிழ்நாட்டில் மறுபதிவு செய்யும்போது இங்கே தனியாக வரி கட்டணும். அதையெல்லாம் கூட்டினால் ‘சீப்’ என்பது காணாமல் போயிடும்.

பாக்கி இ-சலான்களையும் பரிவாஹன் தளத்தில் பாருங்க. இன்சூரன்ஸ் பாலிசியில் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ எத்தனை சதவிகிதம் என்று கவனியுங்க. ஒரே ஓனர் பல வருஷம் வைத்திருந்த வண்டியில் அது பூஜ்யமாக இருந்தால், சமீபத்தில் ஏதோ பெரிய க்ளெய்ம் நடந்திருக்கலாம். எதற்கு என்று கேளுங்க.

இன்னொரு விஷயம். ‘வண்டி இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்’, ‘ஆர்.டி.ஓ சலான்’ என்ற பெயரில் ஏ.பி.கே ஃபைல் அனுப்பினால் தொடாதீங்க. இன்ஸ்டால் செய்தால் அது உங்க மெசேஜ்களைப் படித்து, ஓ.டி.பி-யை எடுத்துக்கொள்ளும். ரிப்போர்ட் என்றால் பி.டி.எஃப் போதும். அதற்கு எதுக்கு ஒரு ஆப்?

வண்டி பொய் சொல்லாது!

பேப்பர் சரியாக இருந்தும் வண்டியில் ஏமாறலாம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளமும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் ஞாபகம் இருக்கும். ஏராளமான கார்கள் தண்ணீருக்குள் நின்றன. அப்படி மூழ்கிய வண்டிகளைக் கழுவி, பாலிஷ் போட்டு, வேறு ஊரில் விற்பது ஒரு தனி பிசினஸ்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்க. உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால், அதை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள். தரை மேட்டைத் தூக்கி அடியில் பாருங்க. சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பிகளில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் மண், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கறை, கதவைத் திறந்ததும் ஈர வாசனை... இதெல்லாம் அடையாளம். பாட்டில் பாட்டிலாக ஏர் ஃப்ரெஷ்னர் அடித்திருந்தால், எதை மறைக்க என்று யோசிங்க.

மீட்டரைத் திருப்புவது இன்னொரு பழைய வித்தை. டிஜிட்டல் மீட்டரிலும் திருப்ப முடியும். 25,000 கி.மீ ஓடிய வண்டி என்கிறார்கள், ஆனால் பிரேக் பெடல் ரப்பர் மழுமழுவென்று தேய்ந்திருக்கிறது, ஸ்டீயரிங் வழவழன்னு இருக்கிறது என்றால் கணக்கு உதைக்குது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். ‘2319’ என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. குறைவாக ஓடிய வண்டிக்கு நான்கு டயரும் ஏன் புதுசு என்று கேட்கலாம். எல்லாவற்றையும்விட நல்ல வழி, அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் ஓனர் மூலமாக சர்வீஸ் ஹிஸ்டரி கேட்பது. ஒவ்வொரு சர்வீஸின்போதும் கிலோமீட்டரைக் குறித்திருப்பார்கள்.

சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் பார்த்து, ஆர்.சி-யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்க. அது எங்கே பொறித்திருக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்க மெக்கானிக்குக்குத் தெரியும். எண்களைச் சுரண்டியது போலவோ, மேலே வெல்டிங் வைத்தது போலவோ தெரிந்தால் அங்கிருந்து கிளம்பிடுங்க. திருட்டு வண்டி என்று பின்னால் தெரிந்தால் போலீஸ் வண்டியை எடுத்துப் போயிடும். நீங்க கொடுத்த பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

கூடவே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்க. விற்பவர் சிபாரிசு செய்கிற மெக்கானிக் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கட்டும். அவருக்குக் கொடுக்கிற 1,000, 2,000 ரூபாயைப் பார்க்காதீங்க. வாங்கிய பிறகு எல்லா சாவிகளையும் வாங்கிக்கோங்க. வண்டிக்குள் ஜி.பி.எஸ் டிராக்கர் ஒளிந்திருக்கிறதா என்று மெக்கானிக்கையே தேடச் சொல்லுங்க. வண்டியை விற்றுவிட்டு, ஸ்பேர் சாவியையும் டிராக்கரையும் வைத்து ராத்திரியில் அதே வண்டியைத் திருடிப்போகும் கூட்டமும் உண்டு.

பணம் அனுப்பும் முன்...

இப்போது உங்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ் மூலம் பணம் அனுப்பும்போதும், பெறுபவரின் பேங்க் பெயரை முன்கூட்டியே பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரச் சொல்லி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. யு.பி.ஐ-யில் இது ஏற்கெனவே உண்டு. திரையில் வருகிற பெயரும் ஆர்.சி பெயரும் ஒன்றா என்று பாருங்க. வேற பேர் வந்தால், “அது என் பார்ட்னர் அக்கவுன்ட்” என்ற விளக்கமெல்லாம் வேண்டாம்.

பணம் அனுப்பும்போது ஓனர் உங்க பக்கத்திலேயே இருக்கட்டும். அவரிடம் நேராகவே கேளுங்க: “அண்ணே, உங்களுக்கு எவ்வளவு வரணும்? எந்த அக்கவுன்ட்டுக்கு?” இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், ஆரம்பத்தில் பார்த்த 3.5 லட்சம் போயிருக்காது. ‘விலையைப் பத்தி பேசாதீங்க’ என்று யார் சொன்னாலும், அங்கே பேச வேண்டிய முதல் விஷயமே அதுதான்.

நீங்க விற்கிறவரா?

வாங்குபவர்களுக்கு மட்டும்தான் ரிஸ்க் என்று நினைக்காதீங்க. விளம்பரம் போட்ட பத்தாவது நிமிஷம் ஒருத்தர் போன் பண்ணுவார். பேரமே பேச மாட்டார். “அட்வான்ஸ் 10,000 அனுப்பறேன் சார், இந்த கியூ.ஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க” என்பார். ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால், பணம் உங்க அக்கவுன்ட்டில் இருந்து அவருக்குப் போகும். பணம் வாங்க எதையும் ஸ்கேன் பண்ண வேண்டாம். பின் நம்பரும் போட வேண்டாம். பின் நம்பர் கேட்டாலே உங்க பணம் வெளியே போகப் போகுது என்று அர்த்தம். தனிநபருக்குத் தனிநபர் பணம் கேட்கும் ‘கலெக்ட் ரிக்வெஸ்ட்’ வசதியை யு.பி.ஐ-யில் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் கியூ.ஆர் கோடு தந்திரம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

‘பணம் அனுப்பிட்டேன்’ என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுவார்கள். பேங்க் அனுப்பியது போலவே எஸ்.எம்.எஸ்-கூட வரும். இரண்டையும் நம்பாதீங்க. உங்க பேங்க் ஆப்பைத் திறந்து, பேலன்ஸ் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாவி. செக், டிமாண்ட் டிராஃப்ட் என்றால் பணம் அக்கவுன்ட்டில் சேரும்வரை வண்டி உங்க வீட்டிலேயே நிற்கட்டும். ரொக்கம் என்றால் ஒரு எல்லை இருக்கிறது. 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. வாங்கினவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம்.

டெஸ்ட் டிரைவுக்கு வருபவரின் லைசென்ஸைப் பாருங்க, போட்டோ எடுங்க. நீங்களும் வண்டியில் ஏறுங்க. ஆர்.சி, ஆதார் நகல்களை முன்பின் தெரியாதவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீங்க. நாளைக்கு உங்க ஆர்.சி-யை வைத்தே வேறு யாரையாவது ஏமாற்றுவார்கள்.

பணம் வந்தாச்சு... வேலை முடியலை!

விற்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஃபார்ம் 29, 30-ல் தேதியே போடாமல், வாங்குபவர் பெயரும் எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். வண்டி அந்தப் பேப்பரோடு மூன்று, நான்கு கை மாறும். ஆர்.சி-யில் மட்டும் உங்க பெயரே இருக்கும்.

அந்த வண்டி விபத்தில் சிக்கினால்? 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். விற்றுப் பல மாதம் கழித்து, பார்த்தே இராத ஒரு விபத்துக்காக உங்க வீட்டுக்கு சம்மன் வரலாம்.

மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ-வுக்கு நீங்க தெரிவிக்கணும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்கணும். வாங்கியவர் இன்சூரன்ஸையும் 14 நாள்களுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கணும். இல்லாவிட்டால் வண்டிக்கு ஏதாவது ஆனால் க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம். ‘நோ க்ளெய்ம் போனஸ்’ வண்டியோடு போகாது, அது உங்களுடையது. புது காருக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடும்போதே தேதி, வாங்குபவர் பெயர், முகவரி எல்லாம் நிரப்புங்க. டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு காப்பி வைத்துக்கொள்ளுங்க. ஃபாஸ்டேகை க்ளோஸ் பண்ணுங்க, இல்லாவிட்டால் அவர் போகிற டோலுக்கெல்லாம் உங்க பணம் போகும். டீலரிடம் விற்பதாக இருந்தால், அவர் ஆர்.டி.ஓ-வின் அங்கீகாரச் சான்று வைத்திருக்கிறாரா என்று கேளுங்க. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததும் ஃபார்ம் 29-சி மூலம் ஆன்லைனில் தெரிவித்தால் பொறுப்பு அவருக்கு மாறும். சில வாரம் கழித்து எம்-பரிவாஹனில் பழைய நம்பரைத் தட்டிப் பாருங்க. ஓனர் பெயர் மாறியிருந்தால்தான் உங்க வியாபாரம் முடிந்தது.

ஏமாந்துட்டீங்களா?

முதல் வேலையாக 1930-க்கு போன் பண்ணுங்க. நிமிஷங்கள் முக்கியம். பணம் அடுத்தடுத்த அக்கவுன்ட்களுக்குப் போவதற்குள் சொன்னால், அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. அடுத்து உங்க பேங்க்குக்குச் சொல்லுங்க. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்க. கோபத்தில் சாட்டை டெலிட் பண்ணிடாதீங்க. போன் நம்பர், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், யு.டி.ஆர் எண் எல்லாம் சாட்சி.

சில நாள் கழித்து இன்னொரு போன் வரலாம். “உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், ஃபீஸ் மட்டும் கட்டுங்க.” அதுவும் மோசடிதான். ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்பனைக்குப் போகும்.

வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீங்க. நீங்க சொல்லாமல் விட்ட அதே நம்பரில் இருந்து, அடுத்த விளம்பரத்துக்கு அடுத்தவர் மெசேஜ் தட்டிக்கொண்டிருப்பார்.

கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கோங்க:

* வண்டி, ஆர்.சி, பேங்க் அக்கவுன்ட் மூன்றிலும் ஒரே பேர்.
* வண்டியை நேரில் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ்கூட இல்லை.
* விலையை ஓனரிடமே நேரில் பேசியாச்சு.
* சேஸிஸ் நம்பர், லோன், சலான் மூன்றையும் பார்த்தாச்சு.
* பணம் வாங்க பின் நம்பர் போடுவது கிடையவே கிடையாது.
* பெயர் மாறும்வரை வாங்கியவரும் விற்றவரும் தொடர்பில் இருக்கணும்.

அப்பாவின் சேமிப்போ, உங்க மூணு வருஷ சம்பள மிச்சமோ, அந்தப் பணத்தைச் சேர்க்க எவ்வளவு நாள் ஆச்சு என்று உங்களுக்குத்தான் தெரியும். அதை அனுப்புவதற்கு முன், வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவரிடம் விலையை வாய்விட்டுக் கேளுங்க. ஒரு நிமிஷம்தான் ஆகும்!